டெய்லரம்மா வேலைக்கு எடுத்த நாய்கள்

டெய்லரம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. தைத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில், ஒரு வாடிக்கைக்காரர் வீட்டு நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது. சத்தம் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது, "துணியில ரத்தம் கித்தம் படலையே?" என்றுதான். படவில்லை. டெய்லரம்மா பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த வீட்டுக்காரம்மாவை அவர் மன்னித்துவிட்டார். அதன் பிறகும் அவருக்குத் தைத்துக் கொடுத்தார். நாயை மன்னிக்கவில்லை. அந்த ஒரு நாயோடு நிறுத்தாமல் அதன் சொந்தபந்தம் அத்தனையையும் சேர்த்து வெறுத்தார்.

பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய தையல் கடை இருந்தது. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். பள்ளிக்கூட யூனிபார்ம்தான் பிழைப்பு. கணவர் அதே டிப்போவில் கண்டக்டர். பள்ளிக்கூடங்கள் ரெடிமேடுக்கு மாறியதும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. கண்டக்டரும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெரிந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து "லேட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் இந்த ஜன்னலில் உட்கார்ந்தால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று டெய்லரம்மாவுக்குத் தோன்றியது. அவருடைய அம்மா வழியில் வந்த சின்ன நிலம் ஒன்று ஊருக்கு வெளியே சும்மா கிடந்தது. இரண்டு அறை வீடு, ஒரு கிணறு, சுற்றிலும் கம்பிவேலி. அங்கே போய்ச் செம்மறி ஆடு வளர்ப்பது என்று அவரே தீர்மானித்து, அவரே கணவருக்குத் தெரிவித்தார்.

"ஆடா? ஆட்டைப் பத்தி நமக்கு என்ன தெரியும்?" என்றார் கண்டக்டர்.

"கல்யாணம் பண்றப்ப உங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? பாத்துக்கலாம்."

ஆடுகள் நன்றாகவே வந்தன. டெய்லரம்மாவின் குணத்துக்குச் செம்மறிகள் தோதாக இருந்தன. ஒன்று நடந்தால் எல்லாம் நடக்கும், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். காலர் இறுக்குகிறது, கை நீளம் பத்தவில்லை என்று எந்த ஆடும் திரும்பி வந்து நின்றதில்லை. கண்டக்டர் தினமும் காலையில் பட்டியின் கதவைத் திறந்துவிட்டு, ஆடுகள் வெளியே போகும்போது "உள்ள எடம் இருக்கு, முன்னால போ, முன்னால போ" என்று பழக்க தோஷத்தில் சொல்வார். வெளியே போகிறவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது என்று டெய்லரம்மா ஒருமுறை எடுத்துச் சொன்னார். அவர் கேட்கவில்லை.

ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தபோது வேலியோரம் ரோமம் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. மற்றவை ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத குறையாக நெருக்கிக்கொண்டு நின்றன. டெய்லரம்மா கண்டக்டரை அனுப்பிக் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுவரச் சொன்னார். டாக்டர் ஒரு இளம்பெண். அவர் குனிந்து கழுத்தையும் பின்தொடையையும் பார்த்தார்.

"காட்டு மிருகம் இல்லம்மா. பசியில கடிச்சிருந்தா தின்னிருக்கும். இது ஊர் நாய்ங்க வேலை. குப்பைமேட்டுல கூட்டமா திரியுதே, அதுங்கதான். ஓடுறதைப் பாத்தா தொரத்தும், தொரத்திப் புடிச்சா கடிக்கும்."

"நாயா," என்றார் டெய்லரம்மா. அவர் குரலில் ஆச்சரியம் இல்லை.

அதன் பிறகு யோசனை சொல்ல வராத ஆள் இல்லை. விளக்குப் போடு என்றார்கள், பட்டாசு வெடி என்றார்கள். கண்டக்டர் ஒரு ரேடியோவைப் பட்டியில் தொங்கவிட்டார். மனிதக் குரல் கேட்டால் நாய் கிட்டே வராது என்பது அவர் கணக்கு. செய்தி வாசிக்கும்போது ஆடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டன. நாய்களும் கேட்டிருக்க வேண்டும். அவை வேலியோரம் வந்து உட்கார ஆரம்பித்தன.

வேன் ஓட்டுகிற தம்பி ஒருவன் டெய்லரம்மாவுக்கு உண்டு. அவன் ஒரு மத்தியானம் வேனின் பின்கதவைத் திறந்து ஒரு பெரிய கறுப்பு நாயை இறக்கினான்.

"அக்கா, இது குடோன் நாய். இது இருந்த எடத்துல ஒரு திருடன் கால் வச்சதில்ல."

"முள்ள முள்ளாலதான் எடுக்கணும்னு ஆரம்பிக்காத. இதுக்கு ஆடு பழக்கமா?"

"நாய்தானக்கா, பழகிக்கும்."

குடோன் நாய் ஆடுகளைப் பார்த்தது. இத்தனை திருடர்களை ஒரே இடத்தில் அது கண்டதேயில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு பகல் முழுக்கக் குரைத்தது. ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் சங்கிலியை அறுத்துக்கொண்டு கிடாவைக் கிணற்றைச் சுற்றிச் சுற்றித் துரத்தியது. டெய்லரம்மா துடைப்பத்தோடு அதன் பின்னால் ஓடினார், அவர் பின்னால் கண்டக்டர் ஓடினார், தம்பி வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"திருடனைப் புடிக்கத்தானக்கா பழக்கியிருக்கு," என்றான் ஜன்னல் வழியாக.

"என் ஆடு என்னடா திருடுச்சு?"

நாய் வந்த வேனிலேயே திரும்பிப் போனது.

இந்தச் சமாச்சாரம் டாக்டர் காதுக்கு எட்டியது. கிடாவின் காலில் சுளுக்கு, அதற்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். "ஆட்டைக் காக்குற நாய் வேற ரகம்மா," என்றார் அவர். "ஆட்டோடயே பொறந்து, ஆட்டோடயே தூங்கி வளரும். தான் நாய்ங்கிறதே அதுக்குப் பாதிதான் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மந்தைக்காரம்மா வச்சிருக்காங்க. போய்ப் பாருங்க."

டெய்லரம்மாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாய் வைத்தால் அவருக்குக் கஷ்டம், வைக்காவிட்டால் ஆட்டுக்குக் கஷ்டம். "இது வளர்க்குறது இல்லை, வேலைக்கு ஆள் எடுக்குறது" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அப்படிச் சொன்னதும் கொஞ்சம் சுலபமாக இருந்தது. கடையில் காஜா எடுக்க, பட்டன் வைக்க அவர் எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார். அவர்களில் கடித்தவர்களும் உண்டு.

கணவனும் மனைவியும் பஸ் பிடித்துப் போனார்கள். மந்தைக்காரம்மா நெடுநெடுவென்று உயரமாக இருந்தார், ஆண்கள் போடுகிற பழைய கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். பட்டியிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் பெட்டை நாய் எழுந்து, வந்தவர்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது. முறைக்கவில்லை, வாலாட்டவும் இல்லை. கண்டக்டர் வேலியின் மேல் கையை வைத்தார். அது ஒரே ஒருமுறை குரைத்தது. கண்டக்டர் கையை எடுத்தார். அது பேசாமல் நின்றது.

"அவ்வளவுதான் கத்துமா?" என்று கேட்டார் டெய்லரம்மா.

"நீங்க அவ்வளவுதான செஞ்சீங்க," என்றார் மந்தைக்காரம்மா. "நாய் எதுக்கு?"

"ஆட்டைப் பாத்துக்க."

"வீட்டையும் பாத்துக்கணுமா?"

"வேண்டாம். வீட்டைப் பாத்துக்க இவர் இருக்காரு."

கண்டக்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

பட்டியின் ஒரு தடுப்புக்குள் இரண்டு தாய்களின் குட்டிகள் கலந்து உருண்டுகொண்டிருந்தன. எது நல்ல குட்டி என்று டெய்லரம்மா கேட்டார். மந்தைக்காரம்மா பதில் சொல்லாமல் ஒரு வயதான ஆட்டைக் கொண்டுவந்து அந்தத் தடுப்புக்குள் விட்டார். ஒரு குட்டி வாலைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு ஊளையிட்டபடி ஓடியது. ஒன்று ஆட்டின் வாலைப் பிடித்துத் தொங்கப் பார்த்தது. ஒன்று எதையும் கவனிக்காமல் கண்டக்டரின் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு பெட்டைக்குட்டி தரையோடு தரையாகப் பதுங்கி வந்து, ஆட்டின் மூக்கை ஒருமுறை நக்கிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தது. ஆடு காலைத் தரையில் தட்டியது. குட்டி எழுந்து கொஞ்சம் தள்ளிப் படுத்தது. கோபித்துக்கொள்ளவில்லை.

"பாத்தீங்களா? கண்ணுக்குக் கண்ணு பாக்கல. ஆட்டை மொறைச்சுப் பாக்குற நாய் பின்னால தொரத்தும். இது மரியாதை தெரிஞ்சது."

டெய்லரம்மா அதையே எடுத்துக்கொண்டார். துணிக்கடையில் பிடித்த ரகத்தைக் கண்டதும் மேற்கொண்டு பிரிக்கச் சொல்லமாட்டார். அது அவர் சுபாவம்.

"ஒண்ணு மட்டும் கொண்டுபோனா வெளையாட ஆள் இல்லாம ஆட்டுக்குட்டியோட வெளையாட ஆரம்பிக்கும். இன்னொண்ணும் எடுங்க, ஆனா வேற தாயோட குட்டியா எடுங்க," என்றார் மந்தைக்காரம்மா. அவர் சொல்லி முடிப்பதற்குள் செருப்புத் தின்ற குட்டி கண்டக்டரின் மடியில் இருந்தது.

"அது வேற தாயோடதுதான். ஆனா அதுக்கு மனுஷ வாசம் கொஞ்சம் அதிகமாப் புடிக்குது. நீங்க தொடாம இருந்தா உருப்படும்."

"தொடவே மாட்டேன்," என்றார் கண்டக்டர், அதன் காதைத் தடவிக்கொண்டே.

திரும்பும் பஸ்ஸில், கூடைக்குள் இருக்கும் குட்டிகளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் அந்தப் பஸ்ஸின் கண்டக்டர். நம் கண்டக்டர் தன்னுடைய ஓய்வுபெற்றோர் பாஸை எடுத்துக் காட்டினார். "பாஸ் உங்களுக்குத்தான் சார், நாய்க்கு இல்ல." விதிமுறையின் எந்தப் பிரிவு என்று இருவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே இறங்கும் இடம் வந்துவிட்டது. அன்றைக்குச் செருப்புத் தின்ற குட்டிக்குப் பாஸ் என்று பெயர் வந்தது. பெட்டைக்குட்டிக்கு மேடம் என்று பெயர் வைத்தது டெய்லரம்மா. தைத்துக் கொடுத்த யூனிபார்மைப் பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிற ஒரு தலைமையாசிரியை அவருக்குத் தெரியும். குட்டியின் முகத்தில் அதே களை இருந்தது.

வேலை சேர்ந்த அன்றே சட்டதிட்டம் சொல்லப்பட்டது. வீட்டுக்குள் வரக் கூடாது. பட்டியின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, சாதுவான இரண்டு ஆடுகளோடு அங்கேயே இருக்க வேண்டும். சாப்பாடு அங்கேயே. கையில் எடுத்துக் கொஞ்சுவது கிடையாது. ஆனால் டாக்டர் ஊசி போட வந்தால் பிடிக்க வேண்டுமே, அதற்காகத் தினமும் காதையும் வாயையும் கால்களையும் தொட்டுப் பார்த்துப் பழக்க வேண்டும். காலையில் கயிற்றில் பிடித்து வேலியை ஒட்டி ஒரு சுற்று. இதுதான் உன் எல்லை என்று அதற்குத் தெரியட்டும்.

தொட்டுப் பழக்குகிற வேலையை டெய்லரம்மா இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு செய்தார். வெறும் கையால் நாயைத் தொட அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. கழுத்தளவு, மார்பளவு, கால் உயரம் என்று அளப்பார். மேடம் அசையாமல் நிற்கும். பாஸ் டேப்பைத் தின்னப் பார்க்கும்.

முதல் தகராறு சாப்பாட்டில் வந்தது. நாய்ச் சோற்றின் ருசி கண்ட கிழட்டு ஆடு ஒன்று தட்டில் வாயை வைத்தது. மேடம் உறுமியது. ஆட்டைப் பார்த்து உறுமினால் வேலை போய்விடும் என்று டெய்லரம்மா அதட்டினார். பிறகு யோசித்துப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டை யாராவது பிடுங்கினால் அவர் கடையில் காஜா எடுத்த பெண்களும் உறுமத்தான் செய்வார்கள். ஆட்டுத் தலை நுழையாத, நாய்க்குட்டி நுழைகிற ஓட்டை வைத்துப் பலகையில் ஒரு கூண்டு அடித்து, சாப்பாட்டை அதற்குள் வைத்தார். தகராறு தீர்ந்தது. கிழட்டு ஆடு மட்டும் கூண்டுக்கு வெளியே வெகுநாள் நின்று பார்த்தது.

பாஸ் விஷயத்தில் ஏதோ சரியில்லை என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. சாயங்காலம் பட்டியில் விட்ட குட்டி, காலையில் ஆட்டு வாசம் இல்லாமல் இருந்தது. டெய்லரம்மா விசாரித்தார்.

"அது உள்ள வந்துச்சா?"

"எது?" என்றார் கண்டக்டர்.

"நாய்."

"எந்த நாய்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு," என்றார் கண்டக்டர்.

"மேடத்துக்கு மழை வராதா?"

"மேடம் கேக்கலயே. இவன் கேட்டான்."

திருத்திப் பார்த்தார்கள். பட்டியில் கட்டிப்போட்டால் பாஸ் கண்டக்டர் பெயரைச் சொல்லி அழுவது போலவே அழுதது. கண்டக்டர் வீட்டுக்குள் உட்கார்ந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, பஞ்சையும் எடுத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நிற்பார். கடைசியில் டெய்லரம்மா கைவிட்டுவிட்டார். பாஸுக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று தம்பியிடம் சொன்னார். அது கண்டக்டரின் கட்டிலைக் காத்தது, அவர் செருப்பைக் காத்தது, அவர் குளிக்கப் போனால் குளியலறைக் கதவைக் காத்தது. ஆடுகளை அது தூரத்துச் சொந்தக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்த்தது.

மேடம் நன்றாக வளர்ந்தது. கன்றுக்குட்டி உயரம் வந்தது. இனிக் கவலையில்லை என்று டெய்லரம்மா நினைத்திருந்த சமயத்தில்தான் அது ஒரு ஆட்டுக்குட்டியின் காதைக் கிழித்தது.

விளையாட்டில் வந்த வினை. குட்டி துள்ளி ஓடியது, மேடமும் துள்ளி ஓடியது, ஓடுவதைப் பிடித்தது. காது பாதி தொங்கியது. டாக்டர் வந்து தைத்தார். டெய்லரம்மா குட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டு தையலையே பார்த்தார்.

"மேல கொஞ்சம் சுருக்கு விழுற மாதிரி இருக்கே டாக்டரம்மா."

"இது துணி இல்லம்மா."

"இல்லதான். சும்மா கண்ணுல பட்டுச்சு."

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் வந்து, ரத்த ருசி பார்த்த நாயை வைத்திருக்கக் கூடாது, இன்றைக்குக் காது என்றால் நாளைக்குக் கழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். டெய்லரம்மாவுக்கும் அதுதான் தோன்றியது. நாய் என்றால் இப்படித்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சொன்னது சரியாகப் போனால் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மேடம் பலகைத் தடுப்புக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தது. அதைப் பார்க்காமல் போவதற்காக அவர் கிணற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மந்தைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். நாயைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் போட்டார்.

"எவ்வளவு பெருசு இருக்கு?" என்றார் மந்தைக்காரம்மா.

"என் இடுப்புக்கு வருது."

"ஒடம்புதான் பெருசு. இன்னும் பள்ளிக்கூடப் புள்ளதான் அது. ஒங்க கடையில பள்ளிக்கூடப் புள்ளைங்க கையில கத்தரியக் குடுத்துட்டு வெளிய போவீங்களா?"

"போகமாட்டேன்."

"அப்ப ஏன் ஆட்டுக்குட்டிங்களோட தனியா விட்டீங்க? குட்டிங்களப் பிரிச்சு வைங்க. கிடாவோடயும் பெரிய ஆடுங்களோடயும் விடுங்க. வம்பு பண்ணினா அதுங்களே முட்டிப் புத்தி சொல்லும். நீங்களும் கூட இருங்க. தொரத்த எழுந்தா அதட்டுங்க, பேசாம படுத்தா நல்ல வார்த்தை சொல்லுங்க. அது வளந்து முடிக்கணும் அக்கா. அதுக்கு முன்னால எந்த நாயும் முழு நாய் இல்ல."

டெய்லரம்மா போனை வைத்துவிட்டு, ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனார்.

அந்த வெயில் காலம் முழுக்க அவர் பட்டியில்தான் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்களுக்குக் கிழிசல் ஒக்கிட்டுக் கொடுக்க வேண்டிய துணிகளைக் கொண்டுபோய், கையால் தைத்துக்கொண்டே ஒரு கண்ணை மேடத்தின் மேல் வைத்திருப்பார். அது காதை நிமிர்த்தி எழுந்தால், ஊசியை நிறுத்தி, "ம்ம்" என்பார். உட்காரும். கிடா இரண்டு மூன்று முறை விலாவில் முட்டியது. அதன் பிறகு மேடம் கிடாவைக் கடக்கும்போது சற்று ஒதுங்கிப் போனது. நல்ல வார்த்தை சொல்வதுதான் டெய்லரம்மாவுக்குச் சிரமமாக இருந்தது. அவர் வேலைக்காரர்களைப் பாராட்டிப் பழகியவர் இல்லை. முதலில் "பரவாயில்ல" என்றார். பிறகு "சரி" என்றார். ஒருநாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது, மேடத்தின் தலை அவர் பாதத்தின் மேல் இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. பழைய காயத்தின் தழும்புக்கு நேர் கீழே அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தார். வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்துக் கண்டக்டர், "கடிச்சிருச்சா?" என்று பதறினார்.

"இல்ல. தூங்கிருச்சு."

மழை வந்து, போய், மறுபடி ஒரு வெயில் காலம் வந்தது. காது தைத்த குட்டி வளர்ந்து தானே தாயாகியது. இப்போது மேடத்தை யாரும் பார்த்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. ஆடு குட்டி போட்டால் தள்ளி உட்கார்ந்து, தாய் ஆடு அனுமதி கொடுத்த பிறகு கிட்டே போய்க் குட்டியை நக்கும்.

குப்பைமேட்டு நாய்கள் திரும்பி வந்தது ஒரு காலை வேளையில். டெய்லரம்மா சமையலறையில் டீ வைத்துக்கொண்டிருந்தார். நன்றாக விடிந்திருந்தது, ஆடுகள் மேய ஆரம்பித்திருந்தன. மேடத்தின் குரைப்பு கேட்டது. அது வழக்கமாகப் போஸ்ட்மேனுக்குக் குரைக்கிற குரைப்பு இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேலியின் கீழே எங்கோ பள்ளம் பறித்து ஐந்தாறு நாய்கள் உள்ளே வந்திருந்தன. செம்மறிகள் மேடத்தின் பின்னால் ஒரே மூட்டையாகச் சேர்ந்துகொண்டன. மேடம் துரத்தவில்லை. கால்களை ஊன்றி, நடுவில் நின்று, குரைத்தது. அந்தக் கூட்டம் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம் நகர்ந்தது. இரண்டு நாய்கள் பின்பக்கமாகச் சுற்றி வந்தன. மேடம் பின்னால் போனால் முன்பக்கம் திறந்துவிடும். அதற்கு அது தெரிந்திருந்தது. அது இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடியது.

"என்னங்க! உங்க ஆளை அனுப்புங்க!" என்று கத்தினார் டெய்லரம்மா.

பாஸ் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. அது வராந்தாவுக்கு ஓடி, கண்டக்டரின் நாற்காலிக்கு முன்னால் மார்பை விரித்து நின்று, பயங்கரமாகக் குரைத்தது. நாற்காலியை யாரும் தாக்கவில்லை. "போடா! அங்க போடா!" என்று கண்டக்டர் பட்டிப் பக்கம் கையைக் காட்டினார். பாஸ் அவர் கையைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது, இன்னும் நெருங்கி நின்று குரைத்தது. உன்னை விட்டுவிட்டு எங்கே போக என்பது போல இருந்தது அது.

கண்டக்டருக்கு அப்போது என்ன தோன்றியதோ, குடையை எடுத்துக்கொண்டு அவரே ஓடினார். அவர் தைரியசாலி என்று பெயரெடுத்தவர் இல்லை. கூட்டமான பஸ்ஸில் கூட முரட்டு ஆசாமிகளிடம் டிக்கெட் கேட்காமல் ஜன்னலைப் பார்ப்பார் என்று டெய்லரம்மாவே சொல்லியிருக்கிறார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை விரித்தபடி, "எறங்கு! எறங்கு!" என்று கத்திக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் போய் நின்றார். பாஸ் திகைத்துப் போனது. பிறகு அம்பு போலப் பாய்ந்தது. பின்பக்கமாக வந்த இரண்டு நாய்களுக்கும் கண்டக்டருக்கும் இடையில் விழுந்தது. அதற்கு ஆடுகளைப் பற்றி அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆடுகளின் நடுவில் கண்டக்டர் இருந்தார். அந்தப் பக்கம் அடைந்துவிட்டது. மேடம் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றானது. ஒரு பெரிய செவலை நாய் மட்டும் மேடத்தின் மேல் விழுந்தது. ஒரே உருளல், ஒரு கத்தல், செவலை மூன்று காலில் வேலிப் பள்ளத்தை நோக்கி ஓடியது. மற்றவை அதன் பின்னால் ஓடின. மேடம் வேலிவரை போய், நின்று, திரும்பி வந்துவிட்டது.

ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேடத்தின் தோளில் ஒரு கிழிசல், பாஸின் மூக்கில் ஒரு கீறல். குடையில் இரண்டு கம்பி வளைந்துபோனது. கண்டக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். டெய்லரம்மா அடுப்பில் டீ பொங்கி வழிவதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர், யாரை முதலில் பார்ப்பது என்று ஒரு கணம் தடுமாறி, மூவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு?" என்றார். வளைந்த குடையை அவர் கையிலிருந்து பிடுங்கி மடக்கினார். பிறகு, "பரவாயில்ல," என்றார்.

அதிலிருந்து ஒரு விஷயம் தெளிவானது. பாஸ் ஆடுகளைக் காக்க வேண்டுமென்றால் கண்டக்டர் ஆடுகளோடு இருக்க வேண்டும். டெய்லரம்மா தம்பியைக் கூப்பிட்டுப் பட்டியோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, கண்டக்டரின் கட்டிலையும் நாற்காலியையும் அங்கே மாற்றினார். ஒரு நாய்க்கு வேலை கொடுக்க ஒரு மனுஷனைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறதே என்று கோழிப்பண்ணைக்காரர் கேட்டார். "ரெண்டு பேரும் சும்மாதான இருந்தாங்க," என்றார் டெய்லரம்மா. கண்டக்டருக்கும் குறையில்லை. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் மெயின்ரோடும் அதில் போகிற பஸ்களும் தெரிந்தன.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது கண்டக்டருக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். மகள் தன் ஊர் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்து, குணமாகும்வரை தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள். ஆடுகள் குட்டி போடுகிற சமயம். டெய்லரம்மா ஆபரேஷன் அன்று மட்டும் போய் இருந்து, அவர் கண் திறந்து, "பாஸ் சாப்பிட்டானா?" என்று கேட்டதும் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார்.

பாஸ் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் படுத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பஸ் சத்தம் கேட்டால் எழும், பஸ் போனதும் படுக்கும். தட்டு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது. டெய்லரம்மா அதட்டிப் பார்த்தார், முட்டை உடைத்துப் போட்டுப் பார்த்தார். மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் கண்டக்டரைப் பேசச் சொன்னார். "சாப்பிடுடா ராஜா," என்றது போன். பாஸ் போனை முகர்ந்து பார்த்துவிட்டு, மனுஷனைக் காணோமே என்று கேட்டுக்கு அந்தப் பக்கம் தேடியது. அதைச் செய்திருக்கக் கூடாது என்று டெய்லரம்மாவுக்குப் பட்டது.

ஒரு சாயங்காலம், குட்டி போட முடியாமல் ஒரு ஆடு தவித்தது. டெய்லரம்மா கையைக் கழுவிக்கொண்டு மண்டியிட்டு, குட்டியின் முன்னங்காலைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். இரட்டைக் குட்டி. முதல் குட்டி வந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்; முதல் குட்டியோ நனைந்து நடுங்கியது. மேடம் வேலியோரம் எதற்கோ குரைத்துக்கொண்டு நின்றது. டெய்லரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு எட்டியது கொட்டகையில் கண்டக்டரின் கட்டிலில் கிடந்த பழைய காக்கிச் சட்டைதான். அதில் குட்டியைச் சுற்றி வைத்தார். இரண்டாவது குட்டியையும் எடுத்துவிட்டுத் திரும்பியபோது, கேட்டில் படுத்திருந்த பாஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. சட்டையின் வாசத்துக்கு வந்திருக்கிறது. சட்டைக்குள் கண்டக்டரைத் தேடி மூக்கை விட்டது. உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. குட்டி அதன் மூக்கைச் சப்பப் பார்த்தது.

பாஸ் வெகுநேரம் நின்றது. பிறகு சட்டையைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டு, குட்டியை நக்க ஆரம்பித்தது.

"ம்ம்," என்றார் டெய்லரம்மா, ரத்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. இந்த முறை அது அதட்டல் இல்லை. அன்று பாஸ் தட்டைக் காலி செய்தது.

கண்டக்டர் திரும்பி வந்தபோது ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. பாஸ் தன்மேல் பாய்ந்து தையலைப் பிரித்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டில் யாரும் இல்லை. பட்டிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். ஆடுகளுக்கு நடுவிலிருந்து பாஸ் எழுந்து ஓடி வந்தது. அவர் கையை நக்கியது, காலைச் சுற்றியது, அடித்தொண்டையில் என்னென்னவோ முறையிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிஸ்கட்டைப் பிரித்தார். தின்றது. அதற்குள் பட்டியில் ஒரு குட்டி கத்தியது. பாஸ் திரும்பிப் பார்த்தது, அவரைப் பார்த்தது, ஓடிப் போய்விட்டது.

"போயிட்டானே," என்றார் கண்டக்டர்.

"வேலை நேரம்," என்றார் டெய்லரம்மா.

"என்னைய மறந்துட்டானா?"

"மறந்திருந்தா வந்திருக்கவே மாட்டான். வாங்க, காலை நீட்டி உக்காருங்க."

கண்டக்டர் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, இனி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று மகள் கட்டிலைக் கொட்டகையிலிருந்து உள்ளே போட வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் காலியாக இருந்தது. டெய்லரம்மா டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது. வெயில் இறங்கியதும் கண்டக்டர் எழுந்து, ஒரு மடக்கு நாற்காலியைத் தடியோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு, மெதுவாகப் பட்டிக்கு நடந்தார். டெய்லரம்மா தடுக்கவில்லை, பின்னாலேயே போய்க் கதவை மட்டும் திறந்துவிட்டார்.

ஆடுகள் விலகி வழி விட்டன. பாஸ் இரண்டு குட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தது. கண்டக்டர் நாற்காலியை விரித்தார். பாஸ் தலையை நிமிர்த்திப் பார்த்து, குட்டிகளை எழுப்பாமல் கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் கொடுத்தது.